எச்.பி. பார்த்து டிராக்டர் வாங்காதீர்கள்

போன வாரம் என் அக்காள் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். கையில் மூன்று கொட்டேஷன். மூன்றிலும் எச்.பி. என்ற இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தான்.

"மாமா, 42-ஆ, 45-ஆ, 50-ஆ? பேங்க்ல எத்தனை டிராக்டருக்குக் கடன் கொடுத்திருப்பீங்க. நீங்களே சொல்லுங்க."

"கியர் என்ன மாப்ளே?" என்றேன்.

"முன்னால எட்டு, பின்னால ரெண்டு. எல்லாத்துலயும் அதான் மாமா."

"அது எண்ணிக்கை. என்ன வகைக் கியர், எந்தக் கியர்ல என்ன வேகம், கிளட்ச் ஒண்ணா ரெண்டா? அதைக் கேட்டியா?"

முழித்தான். ஷோரூமில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லையாம். சீட்டு நன்றாக இருக்கிறது, பானெட் புது மாடல், 50 எச்.பி. வாங்கினால் ஊரில் மதிப்பு என்றெல்லாம் சொன்னார்களாம்.

அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. வங்கியில் விவசாயக் கடன் பகுதியில்தான் என் சர்வீஸில் பெரும்பகுதி போயிற்று. சிட்டா, அடங்கல் பார்ப்பேன். வில்லங்கம் பார்ப்பேன். கொட்டேஷனில் கம்பெனி, எச்.பி., விலை மூன்றையும் பார்ப்பேன். தவணை குருவை அறுவடையை ஒட்டியா, சம்பாவை ஒட்டியா என்று எழுதுவேன். கையெழுத்துப் போடுவேன். அத்தனை வருஷத்தில் ஒரு விவசாயியிடம்கூட "வண்டியை யார் ஓட்டப் போகிறார்கள், என்ன வேலைக்கு ஓட்டப் போகிறார்கள்?" என்று நான் கேட்டதில்லை. எங்கள் படிவத்திலும் அதற்கு இடம் இல்லை.

அதனால் இன்று சத்தமாகவே சொல்கிறேன். நாற்பதிலிருந்து ஐம்பது எச்.பி. வரையிலான டிராக்டரில் உங்கள் பணத்தைக் காப்பாற்றுவதும் கரைப்பதும் கியர் பெட்டியும் கிளட்சும்தான். அவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் சீட்டில் உட்காரப் போகிறவர். கொட்டேஷன் வாங்குகிறவரும் கடன் கொடுக்கிறவரும் அதற்கப்புறம்தான்.

இது நம் ஊருக்குப் புது யோசனை ஒன்றும் இல்லை. என் அப்பா உழவு மாடு வாங்கச் சந்தைக்குப் போகும்போது தனியாகப் போக மாட்டார். ஏர் பிடிக்கிறவரைக் கூட்டிக்கொண்டுதான் போவார். உம்பளச்சேரி மாடுதான் நம் சேற்றுக்கு ஆகும் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் எந்த ஜோடி ஒரே நடை நடக்கும், எது வலத்தில் நிற்கும், எது இடத்தில் நிற்கும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் வேண்டாம் என்று தலையாட்டினால் அப்பா துண்டுக்குள்ளிருந்து கையை எடுத்துவிடுவார். பணம் அப்பாவுடையது, தீர்ப்பு அவருடையது. டிராக்டர் வந்ததும் இந்தப் பழக்கம் எப்படி ஒழிந்தது?

இனி விஷயத்துக்கு வருகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

நாம் முதலில் பார்த்த டிராக்டர்களில் பெரும்பாலும் ஸ்லைடிங் மெஷ் கியர்தான். பல்சக்கரமே தண்டின் மேல் நகர்ந்து போய் இன்னொரு பல்சக்கரத்தோடு சேர வேண்டும். வண்டியை நிறுத்தித்தான் போட வேண்டும். இல்லையென்றால் தெருவுக்கே கேட்கிற மாதிரி கரகரவென்று அரைக்கும். அடுத்தது கான்ஸ்டன்ட் மெஷ். இதில் பல்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று சேர்ந்தே சுற்றும். இடையில் உள்ள ஒரு வளையம் நகர்ந்து, வேண்டிய சக்கரத்தைத் தண்டோடு பூட்டும். சத்தம் குறைவு, பல் தேய்வது குறைவு. சில கியர் மட்டும் இப்படி, மற்றவை பழைய மாதிரி என்று பாதிக்குப் பாதியாகவும் வண்டி விற்கிறார்கள். சிங்க்ரோமெஷ் என்பது இதற்கும் மேலே ஒரு படி. சேரப் போகிற இரண்டின் வேகத்தையும் முதலில் சமமாக்கிவிட்டுப் பிறகு பூட்டும். காரிலும் லாரியிலும் ஓட்டத்திலேயே கியர் மாற்றுகிறோமே, அது இதனால்தான்.

கான்ஸ்டன்ட் மெஷ் என்றாலே ஓட்டத்தில் தாராளமாக மாற்றலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. சிங்க்ரோ இருந்தால்தான் அந்தத் தைரியம் வேண்டும். அதுவும் எந்தெந்தக் கியருக்கு இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதைத் தெரிந்துகொள்ளாததால் என்ன ஆகும்? தொண்ணூறுகளின் கடைசியில் நான் கையெழுத்துப் போட்ட கடனில் வாங்கிய வண்டி ஒன்று. ஓட்டியவர் அதற்கு முன் லாரி ஓட்டியவர். கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் ஏறினார். பாதியில் வண்டி திணறியது. லாரிப் பழக்கத்தில் ஓட்டத்திலேயே கியரைக் குறைக்கப் பார்த்தார். கியர் விழவில்லை. வண்டி நியூட்ரலில் நின்றுவிட்டது. டிரெய்லருக்கு ஏது பிரேக்? மூட்டைப் பாரம் பின்னால் இழுத்தது. வண்டியும் டிரெய்லரும் வாய்க்காலில். குதித்ததில் அவருக்குக் கால் முறிந்தது. உயிர் தப்பியது.

நான் பார்வையிடப் போனேன். "வாகனம் பழுது பார்க்கத்தக்க நிலையில் உள்ளது, தவணை வசூலில் சிரமம் இராது" என்று குறிப்பு எழுதினேன். அவர் காலைப் பற்றி அந்தக் குறிப்பில் ஒரு வார்த்தை இல்லை. ஏற்றத்தின் அடியிலேயே சின்னக் கியரில் போட்டுக்கொண்டு ஏற வேண்டிய வண்டி அது. அதை அவருக்குச் சொன்னவர்கள் யாரும் இல்லை. வாங்கியவருக்கே தெரியாது.

அடுத்தது ரோட்டவேட்டர். பின்னால் கருவியைச் சுற்றுகிற பி.டி.ஓ. தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று சுற்ற வேண்டும் என்பது பொது அளவு. அந்தச் சுற்று கிடைக்க இன்ஜின் அதற்குரிய வேகத்தில் ஓடியாக வேண்டும். ஆனால் சக்கரமோ மெதுவாக, மணிக்கு இரண்டிலிருந்து நான்கு கிலோமீட்டருக்குள் போக வேண்டும். அந்த அளவுக்குச் சின்னக் கியர் வண்டியில் இல்லையென்றால் டிரைவர் என்ன செய்வார்? ஆக்சிலேட்டரைக் குறைப்பார். கத்தியின் சுற்றும் குறையும், கட்டி உடையாது. இல்லாவிட்டால் கிளட்சைப் பாதி அமுக்கியபடியே ஓட்டுவார். பிளேட் கருகும். இரண்டு வருஷத்தில் மூன்று முறை கிளட்ச் பிளேட் மாற்றிய ஒருவரை எனக்குத் தெரியும். 50 எச்.பி. வண்டி அவருடையது. டிரைவருக்கு ஓட்டத் தெரியவில்லை என்று இரண்டு பேரை நிறுத்தினார். மூன்றாவது ஆள் கையிலும் பிளேட் போயிற்று.

கியர் எத்தனை என்று எண்ணாதீர்கள் என்பது இதனால்தான். வயலில் நாம் செய்கிற வேலை பெரும்பாலும் மணிக்கு மூன்றிலிருந்து எட்டுக் கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அந்த இடைவெளியில் எத்தனை கியர் இருக்கிறது என்று பாருங்கள். பன்னிரண்டு கியர் வைத்து அதில் பாதி ரோட்டுக்கு என்றால் வயலுக்கு என்ன லாபம்?

கிளட்சுக்கு வருவோம். ஒற்றைக் கிளட்ச் என்றால் மிதித்ததும் சக்கரம், பி.டி.ஓ. இரண்டும் நிற்கும். டபுள் கிளட்ச் என்றால் பாதி மிதித்தால் சக்கரம் மட்டும் நிற்கும், முழுதாக மிதித்தால் பி.டி.ஓ.வும் நிற்கும். பி.டி.ஓ.வுக்குத் தனி லிவர் வைத்த வண்டியும் உண்டு. அறுவடை இயந்திரம் போன பின் வைக்கோல் கட்டுகிற பேலரை நினைத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் வைக்கோல் கனமாகக் கிடக்கிறது. வண்டி நிற்க வேண்டும், பேலர் மட்டும் சுற்றி உள்ளே போனதை விழுங்க வேண்டும். ஒற்றைக் கிளட்சில் இரண்டும் நின்று தொண்டை அடைத்துக்கொள்ளும். டிரைவர் இறங்கி, கையை விட்டு வைக்கோலை இழுப்பார். அவசரத்தில் பி.டி.ஓ.வை நிறுத்தாமல் கையை விட்டு விரலை இழந்தவர்கள் கதையை இந்தப் பக்கத்தில் எல்லோரும் கேட்டிருப்பீர்கள்.

நம் வயல்கள் வேறு ஒரு மா, ஒன்றரை மா என்று துண்டு துண்டாகக் கிடக்கின்றன. வரப்புக்கு வரப்பு திருப்ப வேண்டும், பின்னால் எடுக்க வேண்டும். ஸ்டியரிங் அருகில் ஒரே லிவரில் முன்னும் பின்னும் போகிற ஷட்டில் இங்கே சொகுசு ஆகாது. நாள் முழுக்க ஓட்டுகிறவரின் தோளையும் முட்டியையும் காப்பது அது. கியர் லிவர் காலுக்கு நடுவில் இருக்கிறதா, பக்கவாட்டிலா என்பதையும் பாருங்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்குகிறார் என்று ஒரு நாள் வரப்பில் நின்று எண்ணிப் பாருங்கள்.

இதற்கெல்லாம் எதிர்ப்பேச்சு வரும் என்று தெரியும். "அந்தக் காலத்து மாஸ்ஸியும் ஜெட்டாரும் ஸ்லைடிங் மெஷ்ஷில் ஓடவில்லையா?" என்பார்கள். ஓடியது. அன்று பின்னால் இருந்தது கொத்துக் கலப்பையும் டிரெய்லரும்தான், பேலர் இல்லை. அந்த வண்டியிலேயே கற்றுக்கொண்டவர் அதை ஓட்டினார். இன்றும் சொந்த நிலத்தில் கலப்பை மட்டும் இழுக்கப் போகிறீர்கள், ஓட்டுகிறவருக்கும் அது கைப்பழக்கம் என்றால் சாதாரணக் கியரே வாங்குங்கள். விலை குறைவு, எந்த ஊர்ப் பட்டறையிலும் பிரித்து மாட்டுவார்கள். ஷட்டிலும் சிங்க்ரோவும் கேட்காதவர் தலையில் கட்டுவதற்கு நான் ஏஜெண்ட் இல்லை.

"கூடுதல் வசதிக்குக் கூடுதல் விலை ஆகுமே?" ஆகும். 50-லிருந்து 45-க்கு இறங்கினால் பெரும்பாலும் அந்தப் பணம் அங்கேயே கிடைத்துவிடும். கொட்டேஷனில் போட்டிருப்பது இன்ஜின் எச்.பி. பி.டி.ஓ.வுக்கு வந்து சேர்வது அதைவிடக் குறைவு. மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசின் பரிசோதனை நிலையம் மாடல் மாடலாகச் சோதித்து அறிக்கை தருகிறது. பி.டி.ஓ. எச்.பி. அதில் இருக்கும். ஷோரூமில் அந்த அறிக்கையைக் கேளுங்கள்.

மாப்பிள்ளை இன்னொன்றும் கேட்டான். "அமெரிக்காவுல கியரே இல்லாம மிதிச்சா போகுதே மாமா, யூடியூப்ல பார்த்தேன்." அது ஹைட்ரோஸ்டேட்டிக். எண்ணெயின் அழுத்தத்தில் சக்கரம் சுற்றும். புல் வெட்டவும், மண் அள்ளிக் கொட்டவும், நிமிஷத்துக்கு நாலு தடவை முன்பின் போகவும் அருமை. ஆனால் வலுவில் ஒரு பகுதி சூடாகிப் போகும். நாள் முழுக்கச் சேறடிக்கிறவருக்கும் பாரம் இழுக்கிறவருக்கும் கியர்தான் கட்டுப்படியாகும்.

அவனுக்கு ஒரு வேலி நிலம். அதற்கு மட்டும் டிராக்டர் தேவையே இல்லை. வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்கு எடுத்தே ஓட்டிவிடலாம். அவன் வாங்குவது பேலர் மாட்டி வாடகைக்கு விடத்தான். அப்படியானால் டபுள் கிளட்சோ தனி லிவரோ இல்லாத வண்டியை அவன் தொடவே கூடாது. மூன்று கொட்டேஷனில் ஒன்று அப்போதே கழிந்தது. அதுதான் 50 எச்.பி.

"ஓட்டப் போறது யாரு?" என்று கேட்டேன். அவர்கள் வீட்டில் இருபது வருஷமாக இருக்கிற டிரைவர்தான். "அவரைக் கூட்டிட்டுப் போ. வயல்ல ஓட்டிக் காட்டச் சொல்லு. பேலர் மாட்டி ஓட்டச் சொல்லு. அவர் வேண்டாம்னா வேண்டாம்."

"அவரா மாமா? அவருக்கு அதெல்லாம் என்ன தெரியும்?" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷம் நான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து நினைத்ததும் இதுதான். காலை முறித்துக்கொண்டவர் ஆஸ்பத்திரியில் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "வண்டிக்கு ரொம்பச் சேதமா சார்?" என்றுதான் முதலில் கேட்டார். அதை அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

நேற்று போன் பண்ணினான். வரும் புதன்கிழமை இரண்டு பேருமாகப் போகிறார்களாம். டிரைவர் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாராம், டிரெய்லரில் பாரம் ஏற்றி, பாலத்து ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாதென்று. ஷோரூம்காரர்கள் யோசிக்கிறார்களாம்.

"அவங்க யோசிச்சா நீ வேற கடைக்குப் போ மாப்ளே" என்றேன்.