கேஸ்ட்ரானமிக்குத் தமிழில் என்ன?

'கேஸ்ட்ரானமி' என்ற வார்த்தை இப்போது பெரிய ஹோட்டல் விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் படுகிறது. 2010-ல் பிரெஞ்சுக்காரர்களின் விருந்து முறையை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2019-ல் ஹைதராபாத்துக்குக் கேஸ்ட்ரானமி நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. சரி, மதுரைச் சாப்பாட்டைப் பற்றி இதே மரியாதையோடு பேச நம்மிடம் என்ன வார்த்தை இருக்கிறது?

முதலில் அர்த்தம் பார்ப்போம். கிரேக்க மொழியில் 'காஸ்டர்' என்றால் வயிறு, 'நோமோஸ்' என்றால் விதி. ஆக, வயிற்றின் விதி! 1801-ல் ஜோசப் பெர்ஷு என்ற பிரெஞ்சுக் கவிஞர் இந்தத் தலைப்பில் ஒரு நீண்ட கவிதை எழுதினார். சொல் பரவியது. 1825-ல் பிரியா-சவரேன் சுவையைப் பற்றி எழுதிய புத்தகம் அதற்குப் பெரிய அந்தஸ்து கொடுத்தது. அவர் ஒரு நீதிபதி. கவனியுங்கள், ஒருவர் கவிஞர், ஒருவர் நீதிபதி. இரண்டு பேருமே சமையலைத் தொழிலாகக் கொண்டவர்கள் இல்லை. பந்தியில் உட்கார்ந்தவர்கள் வளர்த்த சொல் இது.

தமிழில் 'உணவியல்' என்றால் சத்துணவுப் பாடம் ஞாபகம் வருகிறது. 'சமையற்கலை' என்றால் புத்தகக் கடை அலமாரி. என்னைக் கேட்டால் நம் வீட்டிலேயே ஒரு வார்த்தை இருக்கிறது: பக்குவம்.

இதன் வேர் வடமொழி 'பக்வ'. வெந்தது, பழுத்தது என்று பொருள். நாம் அதை எங்கெல்லாம் கொண்டுபோயிருக்கிறோம் பாருங்கள். பழம் பக்குவமாக இருக்கிறது என்கிறோம். பக்குவமாகப் பேசு என்கிறோம். பட்டுத் தெளிந்த ஆளைப் பக்குவப்பட்டவர் என்கிறோம். குழம்பு நன்றாக இருந்தால் "என்ன பக்குவம், சொல்லுங்க" என்று செய்முறை கேட்கிறோம். சமையலும் மனிதனும் ஒரே சொல்லில்!

எங்கள் ஆனையூர்ப் பக்கம் விற்கிற பருத்திப்பாலையே எடுத்துக்கொள்ளுங்கள். பருத்திக்கொட்டையை ஊறவைத்து, ஆட்டி, பால் பிழிந்து, அரிசிமாவும் கருப்பட்டியும் சுக்கும் ஏலக்காயும் சேர்த்துக் காய்ச்ச வேண்டும். கிண்டுவதை விட்டால் அடிபிடிக்கும். எப்போது இறக்குவது என்பது கரண்டி பிடித்த கைக்குத்தான் தெரியும். டம்ளர் விலை குறைவு என்பதற்காக இந்த அறிவு குறைவாகிவிடுமா?

இதில் ஒரு சிக்கலும் உண்டு. அம்மாக்களை "கைப்பக்குவம்" என்று புகழ்ந்துவிட்டு எழுந்து போய்விடுகிறோம், ஏதோ கையோடு பிறந்த வரம் போல. அது வருஷக்கணக்காகத் தீயின் முன் நின்று கற்றது. அளவை எழுதி வைப்பதில்லை, கேட்டு வைப்பதும் இல்லை. அந்தக் கை ஓய்ந்தால் பக்குவமும் போய்விடும்.

அதனால் என் கருத்து இதுதான். கேஸ்ட்ரானமி என்பது சாப்பிடுகிறவரின் பெருமை, பக்குவம் என்பது சமைக்கிறவரின் படிப்பு. இரண்டாவதைத்தான் நாம் அதிகம் புழங்க வேண்டும். இன்று ராத்திரி சாப்பிட்டதும் "சூப்பர்" என்று சொல்லிக் கை கழுவாமல், என்ன பக்குவம் என்று கேட்டு எழுதி வையுங்கள் :-)