திண்ணைக்கு விலை இல்லையா?

காரைக்குடிப் பக்கம் பழைய வீடு விலைக்கு வந்தால் பர்மா தேக்குத் தூணுக்கும் நிலைக்கதவுக்கும்தான் பேரம். திண்ணையை யாரும் கேட்பதில்லை. எங்க தெருவில் ஒரு வீடு கைமாறியது. வாங்கியவர் திண்ணையை இடித்து ஆறடி மதில் எழுப்பச் சொன்னார். இடித்த கொத்தனார் என் அப்பாதான். அந்தக் கூலியில்தான் என் பரீட்சை ஃபீஸ் கட்டினேன். அம்மா கீரைக்கூடையை இறக்கி வைத்து மூச்சு வாங்கிய திண்ணை அது. தெருவில் போறவன் எட்டிப் பார்க்கிறான் என்பது வாங்கியவர் குறை. நியாயந்தான், பொம்பளைங்க முற்றத்தில் உட்கார வேணாமா? அதுக்கு இடுப்புயரச் சுவரும் நாலு செம்பருத்தியும் போதாதா? தாழ்வாரத்தோடு திண்ணை இருந்தால் முன்சுவரில் வெயிலும் சாரலும் நேரா அடிக்காது. சிவில் நண்பர்களே, நாளைக்கு பிளான் போடப்போவது நாமதான். நம்ம எல்லைக்குள்ளேயே மதிலை ஒன்றரை அடி உள்ளே தள்ளி, வெளியே ஒரு ஆள் உட்கார மேடை வையுங்க. கட்டித் தர அப்பா ரெடி.