பேருந்து முழுக்கக் கேட்கும் வீட்டுப் பேச்சு

வடசேரியில் மார்த்தாண்டம் பேருந்து ஏறினால், தக்கலை வருவதற்குள் நாலு வீட்டு விஷயமாவது காதில் விழுந்துவிடும். அடகு வைத்த நகைக்கு வட்டி, பேத்திக்கு வந்த சம்பந்தம், ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்ன சர்க்கரை அளவு. எல்லாமே போன் ஸ்பீக்கரில். ரயிலில் சத்தமாகப் போன் பேசக் கூடாது என்று 2022 ஜனவரியில் ரயில்வே உத்தரவே போட்டது. பெரியவர்களுக்கு இங்கிதம் தெரியவில்லை என்று இளையவர்கள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரும்பிழை அந்தக் கருவியைச் செய்தவர்களுடையது.

பழைய பட்டன் போனில் காதில் வைக்கும் பக்கம் பளிச்சென்று தெரியும். இன்று திரை விளிம்பு வரை வந்துவிட்டது. காதுக்கான ஒலித்துளை உச்சியில் நூலிழையாகச் சுருங்கிவிட்டது. காது சரியாக அதன்மேல் பொருந்த வேண்டும். ஒரு விரற்கடை விலகினாலும் குரல் தேய்ந்துவிடும். வயதாக ஆக முதலில் மங்குவது கீச்சொலிகளைக் கேட்கும் திறன். அதனால் ஆள் பேசுவது கேட்கும், சொல் விளங்காது. “கேக்கல்ல மக்ளே, ஒறக்கப் பேசு” என்று இரண்டு முறை சொல்லிப் பார்ப்பார்கள். மூன்றாம் முறை ஸ்பீக்கரை அமுக்குவதைத் தவிர அவர்களுக்கு வேறு என்ன வழி?

ஸ்பீக்கர் இருப்பதோ அடியில், சார்ஜர் குத்தும் இடத்துக்குப் பக்கத்தில். மைக்கும் அங்கேதான். அதனால்தான் பலரும் போனைக் கிடையாக வாய்க்கு நேரே பிடிக்கிறார்கள். அப்படிப் பிடித்தாலும் சத்தம் முன்சீட்டுக்காரர் காது வரை போகும்.

பக்கத்து வீட்டு அக்கா, போனில் யார் பேசினாலும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கிறது என்றார். வாங்கிப் பார்த்தேன். கடையில் ஒட்டிய கண்ணாடி ஸ்டிக்கர் துளையைப் பாதி மறைத்திருந்தது. மீதிப் பாதியில் முகப் பவுடரும் தேங்காய் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுத்த பிசுக்காய் அடைத்திருந்தன. ஸ்டிக்கரை உரித்துவிட்டு, ஈரமில்லாத பழைய பல்துலக்கியால் பைய நாலு இழுப்பு இழுத்தேன். தூள் உதிர்ந்தது. மகளைக் கூப்பிட்டுக் காதில் வைத்துப் பேசினார். ஸ்பீக்கர் தேவைப்படவில்லை.

கல்ஃப் பணத்தில் நடக்கும் வீடுகள் இங்கே அதிகம். எஸ்.டி.டி. பூத் காலத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் கணவனிடம் பேசுவார்கள். வெளியே வரிசையில் நிற்பவருக்கு உதட்டசைவுதான் தெரியும். அந்தக் கதவு இன்று இல்லை. தம்மாமிலிருந்து கடன் கணக்குச் சொல்பவருக்கு, தன் குரலை ஒரு பேருந்தே கேட்கிறது என்பது தெரியாது. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஸ்பீக்கர் போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஓ.டி.பி. எண்ணையும் இப்படித்தான் உரக்கச் சொல்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வரும் குரல் செய்தியைப் போட்டதும் போனைக் காதோடு சேர்த்தால், சத்தம் தானாகக் காதுத் துளைக்கு மாறிவிடும் என்பதும் பலருக்குத் தெரியாது.

இந்த வாரம் வீட்டுப் பெரியவர்களின் போனை வாங்கி அந்தத் துளையைப் பாருங்கள். துடைத்து, காதுச் சத்தத்தை முழுதாகக் கூட்டி, எந்த இடத்தைக் காதில் வைக்க வேண்டும் என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். வெளிநாட்டிலிருந்து கூப்பிடுகிறவர்கள், “ஸ்பீக்கர்லயா போட்டிருக்கிய?” என்று முதலில் கேட்டுவிட்டுப் பணக் கணக்கைப் பேசுங்கள்.