மாடு எங்கே மேயும்?

கல்முனை–அக்கரைப்பற்றுப் பிரதான வீதியில் இரவில் படுத்துக்கிடக்கும் கட்டாக்காலி மாடுகளைப் பிடித்து அடைத்துத் தண்டம் அறவிடுவதையே உள்ளூராட்சி சபைகள் தீர்வென நினைக்கின்றன. பாலைக் கறந்துவிட்டுப் பசுவைத் தெருவில் விடுபவர் தண்டம் கட்டத்தான் வேண்டும். அதில் எமக்கு இரக்கமில்லை. ஆனால், மாடு எங்கே மேயும்? 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீரால் இரு போகமும் விளைகிறது; அறுவடைக்குப் பின் வயலில் மேயும் காலம் சுருங்கிவிட்டது. அம்பாறை மாவட்டத்தின் வட்டமடு மேய்ச்சல் தரையோ பண்ணையாளர், விவசாயிகள், வன பரிபாலனத் திணைக்களம் என முத்தரப்பு இழுபறியில் கிடக்கிறது. புல் கிடைக்காத மாடு சந்தைக் குப்பையில் சோற்றைப் பொலித்தீன் பையோடு விழுங்குகிறது. மோட்டார் சைக்கிளில் வருபவர் இருட்டில் அதன்மேல் மோதுகிறார். 2022 டிசம்பர்க் குளிரில் வடக்கு கிழக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. நனைந்து நின்றவற்றுக்கு ஒதுங்கக் கொட்டில்கூட இல்லை.

நெற்காணியைப் புல்லுக்கு விடுவதா என்று விவசாயி கேட்பது நியாயமே. அவர் காணியை யாரும் கேட்கவில்லை. வயலிலேயே எரிக்கும் வைக்கோலைத் தீவனமாகச் சேமித்தாலே பாதிப் பசி தீரும். ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யா எனும் பலி கொடுக்கும் நாளில் மட்டும் மாட்டின் நலத்தை நினைப்பதும் போதாது. மாவட்டச் செயலகம் மூன்று தரப்பையும் அழைத்து, அடுத்த பெரும்போக விதைப்புக்கு முன் வட்டமடுவின் எல்லையை அளந்து கல் நாட்ட வேண்டும்.