வீட்டில் சொல்லியாயிற்றா?

வேலூருக்கு வருகிறவர்கள் கோட்டையையும் அகழியையும் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தையும் பார்த்துவிட்டு ரயிலேறிவிடுகிறார்கள். ஊரை அறிய விரும்புகிறவர்கள் லாங் பஜாரை ஒரு முறை நடந்து கடக்க வேண்டும். மனிதனுக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் அங்கே கிடைக்கும். கிடைக்காத சரக்கு ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் இரகசியம். காலையில் ஒரு கடையில் புறப்பட்ட வார்த்தை, வெயில் ஏறுவதற்குள் கடைத்தெருவின் மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். போகிற வழியில் அதற்குக் கையும் காலும் முளைத்துவிடும்.

அந்தக் கடைத்தெருவில் செருப்புக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர். அவருடைய பிதா ஆம்பூர்ப் பக்கத்தில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் கூலிக்கு உழைத்தவர். பிள்ளையாண்டான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். எட்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமைதோறும், "கம்பெனியில் ஓவர்டைம்" என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவான். உண்மையில் அவன் போனது சிநேகிதர்கள் நாலைந்து பேரோடு உட்கார்ந்து புத்த தர்மத்தைப் படிப்பதற்கும், கண்ணை மூடிச் சற்று நேரம் மனத்தை அடக்கிப் பழகுவதற்கும்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பொய் சொல்லிவிட்டுப் போகிற இடங்களை நினைத்தால், இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் ஒரு நாள் செருப்பு வாங்க வந்தவர், "உம்முடைய பிள்ளை மொட்டையடித்துக்கொண்டு சாமியாராகப் போகிறானாமே!" என்று தகப்பனாரிடம் துக்கம் விசாரித்துவிட்டார்.

அன்றிரவு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மறு வாரம் வாலிபன் நம்மிடம் வந்து கேட்டான்: "புத்தர் காட்டிய வழியில் போக நினைக்கிறவன் பெற்றோரிடம் சொல்லித்தான் தீரவேண்டுமா?"

இதற்கு நாம் பதில் தேடி அலைய வேண்டியதில்லை. புத்தரையே இந்த விஷயத்தில் ஒருவர் கேள்வி கேட்டிருக்கிறார். கேட்டவர் வேறு யாருமல்ல. அவரைப் பெற்ற தகப்பனார்.

ஞானம் பெற்ற பின் புத்தர் கபிலவஸ்துவுக்குத் திரும்பினார். தம்பி நந்தன் துறவியானான். பிறகு, தாயார் சொல்லி அனுப்பியபடி, சிறுவன் இராகுலன் தகப்பனாரின் பின்னாலேயே போய், தனக்கு உரிய பிதிரார்ஜிதத்தைக் கேட்டான். புத்தர் சாரிபுத்திரரை அழைத்துக் குழந்தைக்குத் துறவு கொடுக்கச் சொன்னார். கேள்விப்பட்ட கிழவர் சுத்தோதனர் ஓடி வந்தார். மகன் போனபோது பட்ட வேதனை ஒன்று. நந்தன் போனபோது பட்டது ஒன்று. இப்போது பேரனும் போனால் அவர் என்ன செய்வார்? புத்திர வாஞ்சை தோலை அறுத்து, தசையை அறுத்து, எலும்பையும் அறுத்து உள்ளே மஜ்ஜையில் போய்த் தங்கிவிடுகிறது என்று சொல்லி அழுதார். இனிமேலாவது தாய் தந்தையர் சம்மதம் இல்லாத பிள்ளைக்குத் துறவு கொடுக்கக் கூடாது என்று யாசித்தார். புத்தர் அந்தக்ஷணமே அதைச் சங்கத்தின் விதியாக்கினார்.

அந்த விதி ஏட்டோடு நின்றுவிடவில்லை. இலங்கையிலும் பர்மாவிலும் சயாமிலும் இன்றைக்கும் ஒருவன் பிக்ஷுவாகும்போது அவனைச் சபையில் நிறுத்திச் சில கேள்விகள் கேட்கிறார்கள். கடன் உண்டா? இருபது வயது நிரம்பிற்றா? இவற்றோடு, 'தாய் தந்தையர் அனுமதித்தார்களா?' என்பதும் ஒரு கேள்வி. ஒரு கிழவரின் கண்ணீர் இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷமாகக் காயாமல் இருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

"ஆனால் நான் துறவியாகப் போகவில்லையே!" என்றான் வாலிபன். வாஸ்தவம். இல்லறத்தில் இருந்துகொண்டு மும்மணியைச் சரணடைந்து பஞ்ச சீலத்தை மேற்கொள்கிறவனுக்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. வயது வந்தவன் தன் மனச்சாட்சிக்குத் தானே எஜமான். ஆயினும் அந்தப் பஞ்ச சீலத்தில் நாலாவது என்ன? பொய் சொல்லாமை. ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு நாலாவது சீலத்தைப் படிக்கப் போவது, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முள்ளில் நடப்பது போன்றதல்லவா? கற்கிற தர்மம் முதலில் அமலுக்கு வரவேண்டிய இடம் வீட்டு வாசற்படிதான்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய சங்கடமும் அல்ல. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலைக் காப்பியம் இந்தச் சங்கடத்தோடுதான் ஆரம்பமாகிறது. இந்திர விழா வந்துவிட்டது. மாதவியும் மணிமேகலையும் ஆட வரவில்லை. மாதவியின் தாயார் சித்திராபதி, வயந்தமாலையைத் தூது அனுப்பிக் காரணம் கேட்கிறாள். கோவலன் இறந்த பிறகு தான் அறவண அடிகளிடம் சரண் புகுந்ததையும், அவரிடம் நால்வகை உண்மையும் ஐவகைச் சீலமும் கேட்டதையும், கண்ணகிக்கும் மகளான மணிமேகலை இனி அந்தப் பழைய வாழ்க்கைக்கு வரமாட்டாள் என்பதையும் மாதவி மறைக்காமல் சொல்லி அனுப்புகிறாள். கிழவிக்குக் கோபம் வந்தது, ஊர் தூற்றியது, அதனால் கதையில் எத்தனையோ விபரீதங்களும் விளைந்தன. எனினும் மாதவி ஒரு பொய்யின்மேல் தன் புது வாழ்க்கையைக் கட்டவில்லை.

சொல்வது சரி. சொன்ன பிறகு பெற்றோர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில்? நமது செருப்புக் கடை நண்பர் நான்கு கேள்விகளைப் போட்டார். நான்கும் நியாயமானவை.

முதற் கேள்வி: "பிள்ளை எங்களை விட்டுப் போய்விடுவானா?" சிகாலன் என்ற இளைஞன் கதையை அவருக்குச் சொன்னோம். இராஜகிருகத்தில் தினமும் விடியற்காலையில் ஈரத் துணியோடு நின்று ஆறு திசைகளையும் கும்பிடுவான். ஏன் என்று அவனுக்குத் தெரியாது. சாகும்போது தகப்பனார் சொன்னார், அவ்வளவுதான். புத்தர் அவன் தகப்பனாரைப் பரிகசிக்கவில்லை. கும்பிடும் வழக்கத்தை அவனிடமே விட்டுவைத்து, அதற்கு அர்த்தத்தைக் கொடுத்தார். கிழக்கு என்பது தாய் தந்தையர்; தெற்கு ஆசிரியர்; மேற்கு மனைவி மக்கள்; வடக்கு சிநேகிதர்; கீழ்த்திசை நமக்காக உழைக்கும் வேலையாட்கள்; மேல்திசை சான்றோர். சூரியன் உதிக்கும் திசையிலே பெற்றோரை வைத்த மதம் பெற்றோரை விட்டு ஓடச் சொல்லும் என்று பயப்பட வேண்டாம். முதலாளிமார்களும் கவனிக்கட்டும்: சக்திக்குத் தக்க வேலை, உணவு, கூலி, நோயில் சிகிச்சை, உரிய காலத்தில் ஓய்வு ஆகியவை கீழ்த்திசைக்குச் செய்யும் பூஜையாம்.

இரண்டாவது: "நாங்கள் கும்பிடும் சாமியை இவன் இகழ்வானோ?" வைசாலியின் சேனாபதி சீஹன் சமணரை ஆதரித்து வந்தவன். அவன் புத்தரிடம் வந்து தன்னைச் சீடனாக ஏற்கச் சொன்னபோது, நன்றாக யோசித்துச் செய் என்றே அவர் முதலில் எச்சரித்தார். ஏற்ற பின்பும், அவன் வீட்டில் இதுவரை அன்னம் பெற்று வந்த சமணத் துறவிகளுக்குத் தொடர்ந்து அன்னமிடச் சொன்னார். ஆகவே வீட்டுப் படையலன்று முகத்தைச் சுளிக்கிற பிள்ளை புத்தரைப் பின்பற்றவில்லை. தன் அகங்காரத்தைப் பின்பற்றுகிறான்.

மூன்றாவது கேள்விதான் கடைக்காரரின் நெஞ்சிலிருந்து வந்தது. "எங்கள் பிழைப்பே தோல். அஹிம்சை பேசுகிற பிள்ளை நாளைக்கு என் கடையில் உட்காருவானா?"

இல்லறத்தார் செய்யத் தகாத வியாபாரங்கள் என்று புத்தர் ஐந்தைச் சொன்னார்: ஆயுதம், உயிர்ப்பிராணி, மாமிசம், மது, விஷம். தோல் அந்த ஜாபிதாவில் இல்லை. விநய நூலில் தோலைப் பற்றியே ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. சோணன் என்ற செல்வப் பிள்ளை துறவியாகி, பழக்கமில்லாத பாதங்களால் நடந்து நடந்து, உலாவும் வழியெல்லாம் இரத்தமாக்கினான். வீணையின் நரம்பை அதிகமாக முறுக்கினாலும் இசை வராது, தளர்த்தினாலும் வராது என்று புத்தர் அவனுக்குப் புத்தி சொன்னார். செருப்பு அணியவும் அனுமதித்தார். தனக்கு மட்டும் அந்தச் சலுகை வேண்டாம் என்று சோணன் மறுக்கவே, எல்லாப் பிக்ஷுக்களுக்கும் செருப்பு அனுமதியாயிற்று.

ஆனால் அதே பிரிவில் இன்னொரு கதையும் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. ஒரு பிக்ஷு அழகிய புள்ளிக் கன்று ஒன்றை ஆசையோடு பார்த்தான். அவன் கருத்தை அறிந்த பக்தன் கன்றைக் கொன்று தோலைக் கொடுத்தான். பிக்ஷு அதை மறைத்து எடுத்துப் போக, தாய்ப்பசு அவன் பின்னாலேயே நடந்து வந்தது. புத்தர் அதை வன்மையாகக் கண்டித்து, பசுத்தோலையே பிக்ஷுக்களுக்கு விலக்கினார். ஆகவே செருப்புக் கடையில் உட்காரப் பிள்ளைக்குத் தடையில்லை. அந்தத் தோலுக்குப் பின்னால் ஓர் உயிர் இருந்தது, அதைப் பதனிட்டவனின் கையில் புண் இருந்தது என்ற நினைவும் அவனோடு கடையில் உட்காரும். அது வியாபாரத்துக்கு நஷ்டமல்ல.

நாலாவது: "கல்யாணம், சொத்து, சலுகை எல்லாம் என்ன ஆகும்?" 1955-ஆம் வருஷத்து இந்து விவாகச் சட்டமும் 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டமும் பௌத்தர்களுக்கும் பொருந்தும். தாழ்த்தப்பட்டோர் சலுகை விஷயத்தில் ஒரு காலத்தில் பயத்துக்கு ஆதாரம் இருந்தது. 1956 அக்டோபர் 14-ந் தேதி நாகபுரியில் டாக்டர் அம்பேத்கர் லக்ஷக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவினார். அந்த வழியில் சென்றவர்கள் மத்திய சர்க்காரின் ஜாபிதாவில் இடம் இழந்தார்கள். 1990-ல் சட்டம் திருத்தப்பட்டு அந்தக் குறை நீங்கியது.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோலைத் தொட்டு உழைத்தவர்களைத் தொடத் தகாதவர்கள் என்று ஒதுக்கிய தேசம் இது. அந்தத் தோலைக் காலில் அணிந்தவர்களுக்கு மட்டும் தீட்டு ஒட்டவில்லை! ஆகையால் இந்தப் பிரதேசத்தில் பௌத்தம் பொழுதுபோக்குப் படிப்பு அல்ல. 1898-ஆம் வருஷத்தில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் மணிமேகலையை அச்சிட்டு வெளியிட்டார். அதே வருஷம் அயோத்திதாச பண்டிதர், கர்னல் ஆல்காட்டோடு இலங்கைக்குப் போய், சுமங்கல நாயக தேரரிடம் பஞ்ச சீலம் பெற்றுத் திரும்பி, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். வட ஆர்க்காட்டிலிருந்து கூலிகளாகச் சென்றவர்கள் உழைத்த கோலார் தங்கவயலிலும் அதன் கிளை தழைத்தது. பூமிக்கடியில் பொன் தோண்டியவர்கள் மேலே வந்து தங்கள் மானத்தைத் தோண்டி எடுத்தார்கள். இதைக் கேட்டதும் கடைக்காரர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். "என் அப்பா இருந்திருந்தால் பிள்ளையோடு அவரும் போயிருப்பாரோ என்னவோ" என்றார்.

இளைஞர்களுக்கு நாம் சொல்வது இது: ஊர் சொல்வதற்கு முன்னால் நீங்கள் சொல்லுங்கள். பண்டிகை நாளன்று வேண்டாம். பத்துப் பேர் நடுவில் வேண்டாம். வாதம் ஜயிப்பதற்காக வேண்டவே வேண்டாம். சொல்வதற்கு முன் ஒரு மாதம் கோபத்தைக் குறையுங்கள், அம்மாவுக்குத் தண்ணீர்க் குடம் தூக்குங்கள். உங்கள் புதிய தர்மத்துக்கு அதைவிட நல்ல முன்னுரை கிடையாது.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. குரு நாட்டில் இரட்டபாலன் என்ற ஒரே பிள்ளை மூன்று முறை அனுமதி கேட்டும் கிடைக்காமல் அன்னந் தண்ணீரின்றித் தரையில் கிடந்தான். பிறகுதான் தாய் தந்தையர் இசைந்தார்கள். வருஷங்கள் கழித்து அவன் பிக்ஷுவாக வாசலில் வந்து நின்றபோது, தகப்பனார் யாரோ மொட்டைச் சந்நியாசி என்று வைது விரட்டினார். பழங்கஞ்சியைக் கொட்ட வந்த வேலைக்காரிதான் அவன் கையையும் காலையும் குரலையும் கொண்டு அடையாளம் கண்டாள். பிள்ளையின் அபிப்பிராயம் மாறலாம். கையும் காலும் குரலும் மாறுவதில்லை. அவற்றை வேலைக்காரி கண்டு சொல்லும்படி வைக்க வேண்டாம். பெற்றவர்களே முதலில் கண்டுகொள்ளட்டும்.