ஹெட்டரை அழித்தால் ஆள் மறைந்துவிடுமா?

"பிராக்ஸி போட்டுட்டேன் மச்சி, இனி எவனாலயும் என்னைக் கண்டுபிடிக்க முடியாது" என்று மார்தட்டும் நண்பர்களுக்குத்தான் இந்தப் பதிவு. நீங்கள் நம்புவது பாதி உண்மை. முழுப் பொய்யைவிட அது ஆபத்தானது.

மேட்டர் இதுதான். பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது யூசர்-ஏஜென்ட், ரெஃபரர் என்று சில எச்.டி.டி.பி. ஹெட்டர்களையும் அனுப்புகிறது. நடுவில் இருக்கும் பிராக்ஸி தன் பங்குக்கு 'வயா', 'எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்' என்று சேர்க்கும். பின்னதில் நம் ஐ.பி. முகவரியே இருக்கும். ஸ்க்விட் பிராக்ஸியில் இரண்டு வரி மாற்றினால் இவை போய்விடும். உடனே 'எலைட் பிராக்ஸி' என்று பட்டம் வேறு!

கம்பத்திலிருந்து போகும் திராட்சைப் பெட்டியில் தோட்டக்காரர் பெயரைக் கிழித்துவிட்டால் வாங்குகிறவருக்குத் தெரியாது. சரி, ஏற்றிப் போன லாரிக்காரருக்கு?

2006 ஜூலையில் இந்தியாவில் பிளாக்ஸ்பாட்டை முடக்கியபோது பதிவர்கள் பிராக்ஸி வழியாகத்தான் படித்தார்கள். மறுக்கவில்லை. ஆனால் தடையைத் தாண்டுவது வேறு, முகத்தை மறைப்பது வேறு.

அனுமந்தன்பட்டியிலிருந்து உத்தமபாளையம் போய் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தாலும் கதை இதுதான். 2011-ல் வந்த மத்திய அரசின் சைபர் கஃபே விதிகள்படி, அடையாள அட்டை காட்டி, பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். பார்த்த தளங்களின் பட்டியலையும், அங்கே பிராக்ஸி இருந்தால் அதன் பதிவுகளையும் கடைக்காரர் ஓராண்டு வைத்திருக்க வேண்டும். 2022-ல் செர்ட்-இன் உத்தரவு, வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்கச் சொன்னது. எக்ஸ்பிரஸ்வி.பி.என். தன் சர்வர்களை இந்தியாவிலிருந்தே எடுத்துவிட்டது. காசு வாங்கும் நிறுவனத்துக்கே இந்த நெருக்கடி என்றால், முகவரி இல்லாத இலவச பிராக்ஸி யாருக்காக உழைக்கிறது?

நடுவில் இருப்பவன் அழிக்க முடியும் என்றால் சேர்க்கவும் முடியும். 2012 ஜனவரியில், பிரிட்டனின் ஓ2 நிறுவனம் சந்தாதாரர்களின் செல்போன் எண்ணையே ஹெட்டரில் சேர்த்து தளங்களுக்கு அனுப்பியது அம்பலமானது.

இன்று பெரும்பாலான தளங்கள் எச்.டி.டி.பி.எஸ்.ஸுக்கு மாறிவிட்டன. அந்தப் பூட்டுக்குள் இருக்கும் ஹெட்டரை வெறும் பிராக்ஸி தொடவே முடியாது. 'நான் மாற்றித் தருகிறேன்' என்று ஒரு பிராக்ஸி சொன்னால், பூட்டை அது திறந்துவிட்டது என்று அர்த்தம். உள்ளே உங்கள் பாஸ்வேர்டும் இருக்கிறது.

யூசர்-ஏஜென்ட்டை விசித்திரமாக மாற்றுவது இன்னும் மோசம். வீரபாண்டி திருவிழாக் கூட்டத்தில் நீங்கள் மட்டும் முகமூடி போட்டு நடந்தால் முதலில் மாட்டுவது யார்? டோர் பிரவுசர் எல்லோரையும் ஒரே மாதிரி காட்டப் பார்க்கிறது. வழியில் மூன்று கணினிகளை வைத்து, யார், எங்கே என்ற இரண்டும் எந்த ஒன்றுக்கும் சேர்ந்து தெரியாமல் பிரிக்கிறது. அதுவும் மந்திரமல்ல, உள்ளே போய் உங்கள் பெயரில் லாகின் செய்தால் முடிந்தது கதை.

சினிமா பார்க்க பிராக்ஸி தேடுகிறவர் ஏமாந்தால் பெரிய நஷ்டமில்லை. உள்ளூர் ஊழலை எழுத நினைப்பவர் 'எலைட்' என்ற சொல்லை நம்பினால்? அவரிடம் இனியாவது அரைகுறை யோசனை சொல்லாதீர்கள், சாமிகளா!