ஜெர்மன் காரும் நம் பையன்களும்

‘கார் பைத்தியம்’ என்ற பட்டம் நம் சமுதாயத்தில் மிக எளிதாகக் கிடைக்கும். பழைய பிஎம்டபிள்யூ ஒன்றை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தி, விடுமுறை நாளெல்லாம் அதன் அடியில் படுத்துக் கிடந்தால் போதும். ‘படிக்கிற வயதில் இது தேவையா?’ என்று அம்மா கேட்பார். ‘கெட்ட சகவாசமோ?’ என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி கேட்பார். தீபாவளிக்கு வரும் உறவினர் கூட்டம் முறுக்கைக் கடித்துக்கொண்டே தீர்ப்பையும் எழுதிவிடும். அந்தப் பையன் காருக்கு அடியில் அப்படி என்னதான் செய்கிறான் என்று குனிந்து பார்த்தவர் மட்டும் யாருமில்லை.

நான் அந்தப் பையன்களின் பக்கம். ஆனால், முழுக்க முழுக்க அவர்கள் பக்கம் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டுரையின் நடுவில் அவர்களையும் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் இருபது, இருபத்தைந்து ஆண்டு வயதான ஜெர்மன் கார்கள் மலிவாகக் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் மேலாளர்களும் மருத்துவர்களும் ஓட்டிய ஈ36, ஈ46 வகை பிஎம்டபிள்யூ இன்று புதிய மைவியின் விலையில் பாதிகூட இல்லை. வாங்குவது எளிது, வைத்திருப்பதுதான் யானையைக் கட்டித் தீனி போடும் கதை. குளிர்விப்பு அமைப்பில் இருக்கும் பிளாஸ்டிக் பாகங்கள் வயதாகி வெடிக்கும். நீர்த் தொட்டியில் விரிசல் விழுந்தால், நெரிசலில் நிற்கும்போது வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தொடும். பட்டறைக்குக் கொண்டுபோக எல்லோரிடமும் பணம் இருக்காது. அதனால் பையன்கள் தாங்களே பிரிக்கிறார்கள், தாங்களே பூட்டுகிறார்கள். வறுமை கற்றுக்கொடுக்கும் பொறியியல் என்று இதைச் சொல்லலாம்.

நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவன். அங்கே என்னோடு தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த நண்பன் ஒருவன் கடைசி வகுப்பில் போடப்பட்டான். கணிதம் வராது என்று அவன் தேர்ச்சி அறிக்கையில் எழுதியிருந்தார்கள். அதே நண்பன், நேர்வரிசை ஆறு சிலிண்டர் இயந்திரத்தில் எந்தச் சிலிண்டர் எந்த வரிசையில் எரியும் என்பதை ஒன்று, ஐந்து, மூன்று, ஆறு, இரண்டு, நான்கு என்று மனப்பாடமாகச் சொல்வான். ஏன் அந்த வரிசை, ஏன் அப்போது அதிர்வு குறைகிறது என்பதையும் தீப்பெட்டிக் குச்சிகளை அடுக்கிக் காட்டி விளக்குவான். அவனுக்குக் கணிதம் வரவில்லையா, அல்லது அவனுக்கு வந்த கணிதம் தேர்வுத்தாளில் வரவில்லையா? ஐந்தாண்டுகளில் ஓர் ஆசிரியராவது இதை அவனிடம் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஜெர்மனியில் இத்தகைய பையன்கள் என்ன ஆனார்கள் என்று பார்ப்போம். ஹான்ஸ் வெர்னர் ஆஃப்ரெக்ட், எர்ஹார்ட் மெல்ஷர் என இருவர் டைம்லர் பென்ஸ் நிறுவனத்தின் மேம்பாட்டுப் பிரிவில் வேலை செய்தார்கள். நிறுவனம் பந்தயத்தைக் கைவிட்ட பிறகும் இவர்களுக்கு ஆசை விடவில்லை. குரோசாஸ்பாக் என்ற ஊரில் இருந்த ஆஃப்ரெக்டின் வீட்டில், ஓய்வு நேரத்தில் இயந்திரத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். 1967இல் பழைய ஆலைக் கட்டடம் ஒன்றில் சொந்தத் தொழில் தொடங்கினார்கள். ஆஃப்ரெக்டின் ‘ஏ’, மெல்ஷரின் ‘எம்’, குரோசாஸ்பாக்கின் ‘ஜி’. அதுதான் ஏஎம்ஜி. 1971இல் பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேரப் பந்தயத்திற்கு இவர்கள் கொண்டுபோனது, அமைச்சர்கள் பின் இருக்கையில் அமர்ந்து போகத்தக்க ஒரு பெரிய மெர்சிடிஸ் 300 எஸ்இஎல். சிலிண்டர்களைப் பெரிதாக்கி 6.8 லிட்டர் கொள்ளளவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். சிவப்பு வண்ணத்தில் வந்த அந்தக் கனத்த காரைப் பார்த்துச் சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். 24 மணி நேரம் கழித்து அது ஒட்டுமொத்தத்தில் இரண்டாவதாக வந்தது. பின்னர், 2005இல் ஏஎம்ஜி முழுவதும் மெர்சிடிஸ் குடும்பத்திற்கே சொந்தமானது. எந்த நிறுவனத்தை விட்டு வந்தார்களோ, அதே நிறுவனம் அவர்களின் மூன்றெழுத்தைத் தன் விலையுயர்ந்த கார்களின் பின்புறத்தில் பொறித்து விற்கிறது!

நம் சாலைகளில் அந்த மூன்றெழுத்தை ஒட்டுப்படமாக வாங்கி ஒட்டிய கார்கள் எத்தனை என்று யாராவது எண்ணிப் பார்க்கலாம். சில சமயம் அது புரோட்டோன் சாகாவாகவும் இருக்கும்.

ஆல்பினாவின் கதை இன்னும் நமக்கு நெருக்கமானது. புர்கார்ட் போவென்சீப்பெனின் தந்தை தட்டச்சு இயந்திரம் செய்யும் தொழிலில் இருந்தவர். மகனுக்குத் தட்டச்சில் நாட்டமில்லை. பிஎம்டபிள்யூ 1500 காருக்கு இரட்டை வெபர் கார்புரேட்டர் பொருத்தும் ஒரு தொகுப்பை உருவாக்கினார். இங்கேதான் கவனிக்க வேண்டும். அவர் அதைப் பூட்டிக்கொண்டு ஊரைச் சுற்றவில்லை. பிஎம்டபிள்யூவிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர்கள் சோதித்துப் பார்த்து, இந்தத் தொகுப்பைப் பொருத்தினாலும் எங்கள் உத்தரவாதம் செல்லும் என்று 1964இல் ஒப்புக்கொண்டார்கள். மறு ஆண்டு ஆல்பினா நிறுவனம் பிறந்தது. 2022இல் அந்தப் பெயரையே பிஎம்டபிள்யூ வாங்கிக்கொள்வதாக அறிவித்தது.

நம் பையன்களுக்கும் அவர்களுக்கும் உள்ள இடைவெளி கைத்திறனில் இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் இருக்கிறது. ஜெர்மனியில் சக்கரத்தை மாற்றினாலும், சுருள்வில்லைத் தாழ்த்தினாலும், புகைக் குழாயை மாற்றினாலும் அந்தப் பாகத்திற்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இல்லாவிட்டால் டியூஃப் போன்ற சோதனை அமைப்பின் பொறியியலாளர் நேரில் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அது வாகனப் பத்திரத்தில் பதிவாகும். இல்லையேல் காரை ஓட்டும் அனுமதியே செல்லாமல் போய்விடக்கூடும். கட்டுப்பாடு இவ்வளவு கடுமையாக இருந்தும் உலகத்தின் மிகப் பெரிய கார் மாற்றியமைப்புத் தொழில்களில் ஒன்று அங்கேதான் வளர்ந்தது. கட்டுப்பாடு அதைக் கொல்லவில்லை. நம்பகமான தொழிலாக மாற்றியது.

இங்கே நிலைமை வேறு. தனியார் கார் பெயர் மாறும்போதுதான் பெரும்பாலும் சோதனைக்குப் போகிறது. அன்றைக்கு மட்டும் பழைய புகைக் குழாயையும் பழைய சக்கரத்தையும் பூட்டிக்கொண்டு போய், மாலையில் மீண்டும் கழற்றிவிடுவது பட்டறைகளில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. சாலைத் தடுப்பில் ஜேபிஜே அதிகாரியைக் கண்டால் திரும்பி ஓடுவது இன்னொரு வித்தை. நல்ல வேலை செய்தவனும் மோசமான வேலை செய்தவனும் சட்டத்தின் முன் ஒன்றாகவே நிற்கிறார்கள். அப்படியிருக்க, நல்ல வேலை செய்ய யாருக்கு ஊக்கம் வரும்?

இப்போது பையன்களிடம் வருகிறேன். நண்பர்களே, உங்கள் பணம் எங்கே போகிறது? முதலில் புகைக் குழாய், பிறகு பின்சிறகு, பிறகு சக்கரம், பிறகு மடிக்கணினியில் ‘மேப்’ ஏற்றுவது. பிரேக் கடைசியில் வருகிறது. பல கார்களில் வருவதே இல்லை. இடைநிலைப்பள்ளி இயற்பியலில் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்று படித்தோமே, அது வெறும் தேர்வுக்கானதன்று. 100 கிலோமீட்டர் வேகம் 120 ஆனால் கூடியது 20 விழுக்காடு. பிரேக் வெப்பமாக மாற்ற வேண்டிய ஆற்றலோ 44 விழுக்காடு கூடுகிறது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் ஏறிய எண்ணெய் சீக்கிரம் கொதிக்கும். கொதித்தால் குமிழி வரும். குமிழி வந்தால் மிதி தரைவரை போகும், கார் நிற்காது. இரண்டாண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுவதற்கு ஆகும் செலவு, நீங்கள் வாங்கிய ஒட்டுப்படங்களின் செலவைவிடப் பெரிதாக இருக்காது.

‘மேப்’ விவகாரத்திலும் இதே கதைதான். காரின் கணினிக்குள் இருப்பவை அட்டவணைகள். இத்தனை சுழற்சியில், இத்தனை சுமையில், எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி, டர்போ எவ்வளவு அழுத்த வேண்டும் என்று கட்டம் கட்டமாக எழுதியிருக்கும். ஜெர்மனியில் 98 ஆக்டேன் பெட்ரோலுக்கும் குளிர்ந்த காற்றுக்கும் எழுதப்பட்ட அட்டவணையை, 33 பாகை வெயிலில் ரோன்95 குடிக்கும் காரில் அப்படியே ஏற்றினால் என்ன ஆகும்? கலவை நேரத்திற்கு முன்பே வெடித்து ‘டிக் டிக்’ என்று தட்டும். கணினி ஓரளவு தீப்பொறியைப் பின்தள்ளிக் காப்பாற்றும். காப்பாற்ற முடியாத நாளில் பிஸ்டன் போய்விடும். இரவல் அட்டவணை ஏற்றுகிறவர் எல்லோரும் டியூனர் அல்லர். நம் வெயிலுக்கும் நம் பெட்ரோலுக்கும் உட்கார்ந்து எழுதுகிறவனே டியூனர். அப்படி எழுதுகிற தமிழ் இளைஞர்கள் இந்நாட்டில் இருக்கிறார்கள். அவர்களை நம் மேடைகளில் நான் பார்த்ததில்லை.

வேகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேகத்திற்கு இடம் வேண்டும். 1927இல் திறக்கப்பட்ட நூர்பர்க்ரிங்கின் வடக்குச் சுற்று ஏறத்தாழ 20.8 கிலோமீட்டர் நீளம். பந்தயம் இல்லாத பல நாள்களில் பொதுமக்கள் கட்டணம் செலுத்தித் தங்கள் சொந்தக் காரிலேயே அதில் ஓட்டலாம். 1970 முதல் அங்கே நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தில் பெரிய நிறுவன அணிகளும் வார இறுதியில் மட்டும் பந்தயக்காரர்களாகும் சாதாரண மக்களும் ஒரே தடத்தில் ஓடுகிறார்கள். அந்தப் பகுதியிலேயே பிறந்து, பெற்றோரின் தங்கும் விடுதிக்கு அருகிலேயே அந்தத் தடத்தைப் பார்த்து வளர்ந்த சபீன் ஷ்மிட்ஸ் என்ற பெண்மணி 1996, 1997 என இரண்டு முறை அப்பந்தயத்தை வென்ற அணியில் இருந்தார். 2021இல் அவர் மறைந்தார்.

பிரான்சின் லெ மான் பந்தயத்தை 1979இல் வென்றது போர்ஷே தொழிற்சாலை அணி அன்று. கோலோன் நகரில் பட்டறை வைத்திருந்த கிரெமர் சகோதரர்கள் மாற்றியமைத்த போர்ஷே 935. 1985இலும் தொழிற்சாலை அணியைத் தோற்கடித்தது யோஸ்ட் என்ற தனியார் அணிதான். அவ்வணியின் ஓட்டுநர்களில் ஒருவர் ‘ஜான் வின்டர்’. அது உண்மைப் பெயரன்று. பந்தயத்தில் ஓடுவது அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று லூயிஸ் கிராகெஸ் என்ற வணிகர் வைத்துக்கொண்ட புனைபெயர்! லெ மானை வென்ற பிறகு வீட்டில் தெரிந்துவிட்டதாம். அம்மாவுக்குப் பயப்படும் பிள்ளைகள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள் என்பதில் எனக்கொரு மகிழ்ச்சி.

நமக்கும் இடம் இல்லாமல் இல்லை. 1999இல் திறக்கப்பட்ட சிப்பாங் தடத்தில் 2017 வரை எஃப் 1 நடந்தது. அது நின்றாலும் தடம் நிற்கவில்லை. சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்டும் நாள்கள் அங்கே உண்டு. தலைக்கவசம் கட்டாயம், தடத்தில் கொடி காட்டுபவர் உண்டு, ஓரத்தில் சரளைப் படுகை உண்டு. நெடுஞ்சாலையில் நள்ளிரவில் இவற்றில் எது இருக்கிறது? அஜித்தின் படத்தைப் பின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தம்பிகள் இதை எண்ணிப் பார்க்கட்டும். 2003இல் ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியா போட்டியில் ஓட்டிய அவர், 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்திற்குத் தம் அணியைக் கொண்டுபோனார். பயிற்சியில் அவருடைய போர்ஷே தடுப்பில் மோதிச் சுழன்ற காட்சியை நாம் எல்லோரும் கைப்பேசியில் பார்த்தோம். அவர் காரிலிருந்து தாமாகவே இறங்கி நடந்தார். உள்ளே எஃகுக் கூண்டு இருந்தது, பந்தய வார்ப்பட்டை இருந்தது, மோதியது தடத்தின் தடுப்பில். அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. அதே மோதல் ஒரு பொதுச் சாலையில், எதிரே ஒரு குடும்பம் வரும் நேரத்தில் நடந்திருந்தால்?

இதில் வேலைவாய்ப்பும் அடங்கியிருக்கிறது. 2022இல் கெடா, கூலிமில் போர்ஷே கெய்ன் பொருத்தும் பணி தொடங்கியது. ஐரோப்பாவிற்கு வெளியே போர்ஷேவுக்கு அதுவே முதலிடம். பிஎம்டபிள்யூ கார்களும் கூலிமில்தான் பொருத்தப்படுகின்றன. மெர்சிடிஸ் பகாங், பெக்கானில். ஜெர்மனியில் ஒருவர் கார் பழுதுபார்ப்பாளராக மூன்றரை ஆண்டு பட்டறையிலும் பள்ளியிலும் மாறி மாறிப் பயில வேண்டும். தனிப் பட்டறை திறக்கப் பொதுவாக ‘மைஸ்டர்’ தகுதி வேண்டும். அந்தச் சொல்லுக்கு அங்கே மரியாதை உண்டு. இங்கே ‘போர்மேன்’ என்றால் பெண் கொடுக்க யோசிக்கிறோம். நம் நாட்டிலும் 1991 முதல் ஜெர்மன் மலேசியன் இன்ஸ்டிடியூட் இயங்கி வருகிறது. எஸ்பிஎம் முடித்த மகனுக்கு எந்தத் தனியார் கல்லூரியில் வணிக நிர்வாகம் என்று அலையும் பெற்றோரில் எத்தனை பேர் அதன் பெயரைக் கேட்டிருக்கிறார்கள்?

மொழிக் கழக இதழில் காரைப் பற்றி ஏன் என்று சிலர் கேட்கக்கூடும். என் நண்பன் அந்தத் தீப்பெட்டிக் குச்சிகளை வைத்து விளக்கியது தமிழில்தான். ‘கேம்பர்’ என்பதை ‘சக்கரம் மேலே உள்ளுக்குச் சாஞ்சு நிக்கிறது; வளைவுல திரும்புறப்ப டயர் முழுசா தரையில படியணும்ல, அதுக்குத்தான்’ என்று அவன் சொன்னபோது எனக்குப் புரிந்த அளவுக்கு, எந்தக் கலைச்சொல் பட்டியலும் புரியவைக்கவில்லை. நாம் ‘மகிழுந்து’ என்று எழுதுவதா, ‘கார்’ என்று எழுதுவதா என்று வாதிட்டுக்கொண்டிருக்கும் வேளையில், அறிவியல் தமிழ் ஒன்று கிரீஸ் படிந்த கையோடு பட்டறையில் பேசப்பட்டுக்கொண்டிருக்கிறது. அதை யாரும் பதிவு செய்யவில்லை.

ஆகவே, அடுத்த ஆண்டு நம் மொழி விழாவில் பட்டிமன்றத்திற்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணி நேரத்தை இவர்களுக்குக் கொடுங்கள். மண்டபத்திற்கு வெளியே ஒரு பழைய ஈ36ஐ நிறுத்தி, அதன் முன்மூடியைத் திறந்து வைத்து, அதைப் பிரித்துப் பூட்டியவனே தமிழில் விளக்கட்டும். பொறியியல் துறை மாணவர்கள் கேள்வி கேட்கட்டும். பெற்றோரையும் அழைக்கலாம். என் நண்பனிடம் பேசிவிட்டேன், வருகிறேன் என்றிருக்கிறான். வண்டியை இழுவை லாரியில் ஏற்றிக் கொண்டுவரும் செலவைக் கழகம் ஏற்குமா என்று மட்டும் கேட்டான்.